மூக்கை வெச்சு விஸ்கி கம்பெனியில பொழைச்ச கதை

விஸ்கி கம்பெனியில வேலைன்னு வெளிய சொன்னா, என்ன வேலைன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, பாட்டில் கெடைக்குமான்னுதான் கேப்பாங்க. தேயிலை ருசி பாக்கறவங்க, சக்குபள்ளம் பக்கம் ஏலக்காயை மோந்து தரம் பிரிக்கறவங்க, இப்படி மூக்கையும் நாக்கையும் வெச்சுப் பொழைக்கற எல்லாருக்கும் என்ற வயித்தெரிச்சல் புரியுமுங்க. அதனால உங்ககிட்டயே கொட்டிடறேன்.

எனக்குப் பாலக்காட்டுப் பக்கம் வடகரப்பதி. எங்க ஊருக்குப் பக்கத்துலயே சிங்கிள் மால்ட் விஸ்கி வடிக்கற கம்பெனி இருக்குது. வேற தானியம் கலக்காம, மொளை கட்டுன பார்லியை மட்டும் வெச்சு, ஒரே எடத்துல வடிச்சு எடுக்கறதுக்குத்தான் அந்தப் பேரு. நான் பாட்டில் கழுவற வேலைக்குத்தான் சேர்ந்தேன். கழுவி வெச்ச பாட்டில்ல பூஞ்சை நாத்தம் இருக்குதுன்னு நான் ஒதுக்குனதெல்லாம் சரியாவே இருக்கவும், மோந்து பாக்கற ரூமுக்கு மாத்துனாங்க. எந்தப் பீப்பாய்ச் சரக்கு பதமாச்சு, எது இன்னும் ஆகலைன்னு சொல்றது அந்த ரூமோட வேலை. அங்க தலைமையா இருந்த கல்பாத்தி சார் ரிட்டையர் ஆகப் போறாருன்னு தெரிஞ்ச நாள்ல இருந்து, அந்த நாற்காலி எனக்கு வேணும்னு நெனச்சேன். இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்லீங்க. அவரு லீவு போட்டா அந்த வேலையப் பாக்கறது நாந்தான்.

பூ வெக்காத பொம்பளை

அந்த ரூமுக்குள்ள போறவங்க தலையில பூ கூடாது. பவுடர் கூடாது, வாசனை எண்ணெய் கூடாது. காலையில வெங்காயம் கூடத் திங்கக் கூடாது. மல்லிகையை வெச்சுட்டுப் போய் உக்காந்தா கிளாஸுக்குள்ள மல்லிகைதான் மணக்கும், விஸ்கி எங்க மணக்கும்? இத ஊட்டுல ஒருத்தருக்கும் புரிய வெக்க முடியலை.

நாத்தனா மகளுக்குச் சீர் வெச்சிருந்தாங்க. பூத்தட்டு சுத்தி வந்துச்சு. நாளைக்கு வேலை இருக்குது, வாசம் முடியிலயே நிக்கும்னு சொல்லி வேண்டாம்னுட்டேன். பந்தலே திரும்பிப் பாக்குது. அந்தப் பக்கம் என்ற ஊட்டுக்காரர் சாப்புட்டு முடிச்சு, வெத்தலை போட்டுட்டு, குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு. அவரைக் காட்டுனேன். அதுக்கும் பெரியம்மா ஒருத்தங்க என்ற கையப் புடிச்சுக்கிட்டு, எல்லாரும் கேக்கற மாதிரி கேட்டாங்க: "மாப்பிள்ளை நல்லாத்தான கண்ணு இருக்காரு, அப்புறம் எதுக்கு இந்தக் கோலம்?"

காத்து குடிச்ச கணக்கு

சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு வெளக்கம் சொல்றதும் என்ற தலையிலதான் விடியும். பார்லியை ஊற வெச்சு, மொளை கட்டி, காய வெச்சு, ஒடச்சு, சுடுதண்ணியில போட்டா இனிப்புச் சாறு எறங்கும். அதுல ஈஸ்ட்டைப் போட்டுப் புளிக்க விட்டு, செப்புக் கொப்பரையில ரெண்டு தடவை காச்சி வடிக்கோணும். மொதல்ல வர்றதும் ஆகாது, கடைசியில வர்றதும் ஆகாது. நடுவால வர்றது மட்டும் ஓக் மரப் பீப்பாய்க்குப் போகும். பச்சத் தண்ணியாட்டம் உள்ள போறது, மரத்தோட கெடந்து கெடந்து நெறமும் மணமும் புடிச்சு வெளிய வரும்.

குளிர் நாட்டுல மெதுவா நடக்கற காரியம் நம்ம வெயிலுக்கு இங்க சட்டுனு நடந்துரும். ஆனா அதுக்கு ஒரு தண்டனையும் இருக்குது. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கற அடியில, மூடி தொறக்காமலே பீப்பாய் கொறஞ்சுட்டே போகும். மரத்து வழியாவே ஆவியாப் போயிருமுங்க. இத்தனையும் தொண்டத் தண்ணி வத்தச் சொல்லி முடிச்சா, திருச்சூர்க்காரர் ஒருத்தர் என்னைய மேலயும் கீழயும் பாக்கறாரு. நாங்க குடிச்சுட்டுக் காத்து மேல பழி போடறமாம். சொட்டு உள்ள போகாத மனுசிகிட்ட இதச் சொன்னா எப்படி இருக்கும்? கூட்டமே சிரிச்சுச்சு, அவரு சொன்னதுக்கு: "சேச்சி, காத்து இத்தனை குடிச்சிருந்தா நேரா வீசுமா?"

குதிரையில வந்த துரை

எங்க கம்பெனி வரலாறு ரொம்பச் சின்னது. மொதலாளியோட அப்பா காலத்துல அது மட்ட ரகப் பிராந்தியப் பாட்டில்ல அடைக்கற ஷெட்டு. மகன் வெளிநாட்டுல ரெண்டு எடம் பாத்துட்டு வந்து, இனி விஸ்கிதான்னு செப்புக் கொப்பரை எறக்குனாரு. மொதத் தடவை பார்லி மொளை கட்டறதுக்குள்ள வெயில்ல புளிச்சு நாறிப் போச்சு. எல்லாத்தையும் மாட்டுக்குக் கொட்டுனாங்க. விழுந்து எந்திரிச்சுக் கத்துக்கிட்டது அத்தனையும் இங்கத்த ஆளுங்க.

கொச்சியில இருந்து வந்த வெளம்பரக்காரர் பாட்டில் வெக்கற அட்டைப் பொட்டி மேல அச்சடிக்க ஒரு கதை எழுதிட்டு வந்தாரு. எந்தக் காலத்துலயோ ஒரு வெள்ளக்காரத் துரை கணவாய் வழியாக் குதிரையில வந்தாராம், பனை மரத்தடியில தூங்குனாராம், விஸ்கி வடிக்கற மாதிரிக் கனாக் கண்டாராம். எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. கல்பாத்தி சார் தன்னோட அக்கிரகாரத் தெருவுல பார்லி கம்பெனியில வேலைன்னு மட்டும் சொல்லி வெச்சிருந்த மனுசன். அவருக்கே இந்தப் பொய் தாங்கலை. "இந்தத் துரை யாராக்கும்? நான் கண்டதே இல்லையே"ன்னு கேட்டாரு. வெளம்பரக்காரர் கொஞ்சம் கூட அசரலை: "துரை இல்லாம இந்த வெலைக்கு யாரு சார் வாங்குவா?"

பீப்பாய்க்குச் சாம்பிராணி

குடோனுக்குள்ள தீப்பொறி ஆகாது. அதனால ஆயுத பூசையை ஆளுங்க வெளி முத்தத்துலதான் பண்ணுவாங்க. ஒரு வருசம் புதுசா வந்த காலிப் பீப்பாய் ஒண்ணு அங்க கெடந்துச்சு. பீப்பாய் அடுக்கற பழனியப்பண்ணன், தண்ணிப் பானையைக் கவுத்துப் பொகை புடிக்கற மாதிரி அதுக்கும் சாம்பிராணி போட்டு, சந்தனப் பொட்டு வெச்சு, உள்ள அனுப்பிட்டாரு. யாருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலை.

அது நெறஞ்சு, வயசாகி, ஒரு நாள் என்ற கிளாஸுக்கு வந்துச்சு. மோந்தா, தலைக்கு ஊத்திட்டு முடி ஒணத்தற வாசம். அத மத்ததோட கலந்திருந்தா மொத்தமும் போச்சு. தனியா ஒதுக்கச் சொன்னேன். அன்னைக்குத்தான் கல்பாத்தி சார் மொதலாளிகிட்ட, தனக்கப்புறம் இந்த ரூமுக்கு நாந்தான் சரின்னு என்ற முன்னாடியே சொன்னாரு. எனக்குச் சந்தோசம் தாங்கலை. பழனியப்பண்ணன் மட்டும் நான் என்னமோ சாமி குத்தம் பண்ணிட்ட மாதிரி என்னையத்தான் திட்டுனாரு: "கொழந்தைக்கு ஆகற பொகை, விஸ்கிக்கு ஆகாதா அம்மிணி?"

குடிப்பீங்களா?

சார் ரிட்டையர் ஆனாரு. நாற்காலிக்கு இண்டர்வியூ வெச்சாங்க. ஹெட் ஆபீஸ்ல இருந்து மேனேஜர் வந்திருந்தாரு. மேசை மேல ஒரு கிளாஸ் இல்லை, ஒரு சொட்டு விஸ்கி இல்லை. மூக்கைப் பத்திப் பேச்சே இல்லை. விஸ்கி குடிப்பீங்களான்னு கேட்டாரு. இல்லீங்க, மோந்து பாப்பேன், நாக்குல ஒரு சொட்டு வெச்சுத் துப்பிருவேன்னேன். குடிக்காதவங்களுக்கு விஸ்கியைப் பத்தி என்ன தெரியும்னாரு.

எனக்குச் சுருக்குனு கோவம் வந்துருச்சு. கல்பாத்தி சாரும் ஆயுசுல குடிச்சதில்லை, அவரை யாராவது இப்படிக் கேட்டீங்களான்னு கேட்டேன். கையில இருந்த பேப்பரைப் பொரட்டுனாரு. சரி, குடிப்பேன்னு சொல்லியிருந்தா குடுத்திருப்பீங்களான்னு கேட்டேன். இதுக்கு மட்டும் ஒடனே பதில் வந்துச்சு: "குடிக்கற பொம்பளையை எப்படிம்மா அந்த நாற்காலியில உக்கார வெக்கறது?"

சளி புடிச்ச தலைமை

பெங்களூர்ல இருந்து ஒருத்தரைக் கொண்டாந்து உக்கார வெச்சாங்க. கெட்டவரு இல்லீங்க, அதையும் சொல்லிடறேன். ஆனா அவரு கேட்டுக்குள்ள நொழையறதுக்குள்ள செண்டு வாசம் எங்க ரூமுக்கு வந்துரும். அதுக்கு மேல அவருக்குத் தீராத மூக்கடைப்பு. ஓணத்துக்கு அனுப்பற சரக்குக்குப் பீப்பாய் தேர்ந்தெடுக்கோணும். கிளாஸெல்லாம் வரிசையா வெச்சாச்சு. அவரு ஒவ்வொண்ணாத் தூக்கி உறிஞ்சு பாத்துட்டு, கர்ச்சீப்பால மூக்கைத் தொடச்சுட்டு, நீங்க மோந்து சொல்லிருங்க, நான் கையெழுத்துப் போட்டுக்கறேன்னாரு.

குடிக்காதவளுக்கு என்னங்க தெரியும்னு சொல்லிட்டு, கையக் கட்டி நின்னேன். அன்னைக்கு ஒரு பீப்பாயும் வெளிய போகலை. அடுத்த நாளும் போகலை. மொதலாளி வந்து பாத்துட்டுப் போனாரு. கடைசியில, என்னைய வேண்டாம்னு சொன்ன அதே ஹெட் ஆபீஸ் மேனேஜரே போன் போட்டாரு. வேலை போயிருமோன்னு நெனச்சுக்கிட்டேதான் எடுத்தேன். அவரு குரல்ல அப்படி ஒரு பாசம்: "நாற்காலி அவருக்கே இருக்கட்டும்மா, நீங்க பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்துக்கக் கூடாதா?"

ஸ்டூல் வந்து சேர்ந்துருச்சுங்க, ஓணமும் கிட்டத்துல வந்துருச்சு, நான் மட்டும் இன்னும் நின்னுட்டுத்தான் இருக்கேன்.