கருங்கிடாய் தேடுகிறவர்கள்

ஆட்டுச் சந்தைக்குப் போவதென்றால் எனக்கு இன்றும் ஆகாது. வியாபாரி என் கைமேல் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் என் விரலைப் பிடித்து அமுக்கி விலை கேட்பார். சுற்றி ஆட்கள் நிற்கையில் கையை உதறிக்கொண்டு வர எனக்கு வராது. அவர் சொன்னதே விலையாகிவிடும்.

பரளச்சிப் பக்கத்தில் எங்கள் ஆட்டுக் கொட்டத்தில் அந்த வருடம் மூன்று சுத்தக் கருப்புக் கிடாய்கள் நின்றன. உடம்பில் ஒரு வெள்ளை முடி கிடையாது. காதில் கீறல் இல்லை, காயடிக்கவும் இல்லை. குலசாமிக்கு நேர்ந்தவர்கள் இப்படிப்பட்டதைத்தான் தேடி அலைவார்கள். சந்தையிலோ எல்லாம் கறி எடைதான். அவற்றை வீட்டிலிருந்தே கொடுத்துவிட ஆசைப்பட்டேன்.

மதுரையில் விளம்பர ஆபீஸில் வேலை பார்க்கும் என் கொழுந்தியாள் வழி சொன்னாள். போனில் ஆடு தேடுகிறவர்களுக்கு, தேடிய இடத்திலேயே நம் விளம்பரம் மேலே தெரியுமாம். அதைத் தொட்டால்தான் நமக்குச் செலவு. எந்தச் சொல்லுக்குத் தெரிய வேண்டும், எவ்வளவு பொருந்தினால் தெரிய வேண்டும் என்பதை நாம் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்புத் தமிழ் அதற்குப் போதும் என்றாள்.

ஊர்க்கோயில் பொங்கலுக்கு நாள் குறித்து அறிவிக்கும் வரை என் மனைவி கெடு வைத்தாள். "பொங்கச் சாட்டுறதுக்குள்ள ஒரு கெடாயாவது போகணும். இல்லன்னா மூணையும் சந்தைக்குப் பத்திருவேன். நீங்களும் கூட வரணும், ஆமா."

முதலில் 'ஆடு' என்று ஒரே சொல்லைப் போட்டு, பரந்த பொருத்தம் என்ற வகையைத் தொட்டுவிட்டேன். போன் ஓயவில்லை. ஒருவர் ஆட்டுப் பண்ணைக்கு லோன் கேட்டார். ஒருவர் கல்யாணத்துக்கு மட்டன் பிரியாணி செய்வீர்களா என்றார். ஒரு அம்மா ஆட்டுப்பால் தினமும் வீடு தேடி வருமா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வராமல், கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் மறுநாளும் கூப்பிட்டார்.

கொழுந்தியாள் சிரித்தாள். "மச்சான், மேய்ச்சக்காட்டுல நின்னு 'பா, பா'ன்னு கூப்புட்டா யாரு ஆடு வரும்?"

"எல்லாரு ஆடும் வரும்."

"அதான் வந்திருக்கு. அந்தப் பாலுக்காரம்மாவையும் சேத்து மேய்ங்க."

இரண்டாவது முறை சரிப்பொருத்தம் வைத்தேன். நாம் போட்டதையே, அல்லது அதே பொருளில் ஒருவர் தேடினால் மட்டும் விளம்பரம் தெரியும். எங்கள் பக்கம் சாமிக்கு விடும் கிடாயை 'விற்கிறேன்' என்று வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவரும் 'விலை' என்று கேட்பதில்லை. அதனால் 'சாமிக்குக் கருங்கிடாய் கொடுக்கப்படும்' என்று மரியாதையாகப் போட்டேன். போன் அடங்கிவிட்டது. அந்த அமைதி எனக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் ஊரில் பொங்கல் சாட்டப்போகும் பேச்சு அடிபட ஆரம்பித்தது. மனைவி கயிறுகளை எடுத்து வெயிலில் உதறிப் போட்டாள்.

மறுபடியும் கொழுந்தியாளைக் கூப்பிட்டேன்.

"ஏன் மச்சான், கெடா தேடுறவுக 'கொடுக்கப்படும்'னா தேடுவாக? அது நீங்க சொல்றது. அவுக என்ன கேப்பாகளோ அதப் போடணும்."

"சாமிக் கெடாய்க்கு வெலன்னு எப்படித்தா கேப்பாக?"

"ஒங்ககிட்ட கேக்க மாட்டாக. போனுகிட்ட கேப்பாக. போனு என்ன, சம்மந்தகாரவுகளா?"

அதை யோசித்தபடி கொட்டத்தில் நின்றேன். ஆளிடம் பேசக் கூசுகிற என்னைப் போன்றவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தோன்றியது. முதல்முறை என் விளம்பரத்தைத் தொட்டவர்கள் என்ன தேடி வந்தார்கள் என்று போனில் எடுத்துப் பார்த்தேன். லோனுக்கும் பிரியாணிக்கும் நடுவே 'கருப்பு கிடா விலை' என்று யாரோ கேட்டிருந்தார்கள். யாரென்று தெரியாது. ஆட்டுப்பால் கேட்டவரிடம் மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கூப்பிட்டுப் பார்த்திருப்பாரோ என்னவோ.

மூன்றாவது, சொற்றொடர்ப் பொருத்தம். 'கருப்பு கிடா' என்று போட்டேன். அந்தப் பொருள் தேடலுக்குள் இருந்தால் போதும்; முன்னால் ஊர்ப்பெயர் வரலாம், பின்னால் விலை வரலாம். லோன், பிரியாணி, பால் ஆகியவற்றை வேண்டாத சொற்களாகச் சேர்த்தேன். அவற்றைத் தேடுகிறவர்களுக்கு விளம்பரமே தெரியாது. மனிதர்களிடம் சொல்ல முடியாத 'இல்லை'யைப் போனிடம் சுலபமாகச் சொல்ல முடிந்தது.

பொங்கல் சாட்டும் முன்பே திருப்பூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். குலசாமி திருச்சுழிப் பக்கமாம். 'திருச்சுழி கருப்பு கிடா விலை' என்று தேடினாராம். குடும்பத்தோடு வந்து இறங்கினார். அவருடைய தாயார் கிடாயின் வயிற்றடி வரை முடியை விலக்கிப் பார்த்தார்.

"சுத்தமா இருக்குப்பா," என்றார்.

திருப்பூர்க்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நாங்க எடுத்துக்கிறோம். எப்படின்னு..." என்று இழுத்தார்.

நானும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "பாத்துக் குடுங்க" என்று மட்டும் வந்தது.

உள்ளேயிருந்து மனைவி விலையைச் சொன்னாள். அவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். எங்கள் இருவருக்குமே மூச்சு வந்தது.

அடுத்த சந்தை நாளில் மனைவி கிளம்பி நின்றாள். கையில் கயிறு இல்லை, பை மட்டும் இருந்தது.

"இன்னும் ரெண்டு நிக்கிதே," என்றேன்.

"நிக்கட்டும். போனு வந்தா எடுத்துப் பேசுங்க. நான் காய் வாங்கிட்டு வாரேன்."