எட்டுக்கை அம்மனிடம் இரண்டு கை இரவல் கேட்டேன்

ஒரு மனிதரின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு, அதை எடுக்க மறந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவள் நான். அம்மனை நம்புகிறவர்கள் முன்னால் மறைக்கக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் எங்கள் வார்டில் படுத்திருந்த, மலைமேல் அரியூர் நாட்டுப் பக்கம் மரவள்ளி போடுகிற பெரியசாமி அண்ணன். தெர்மாமீட்டர் கத்திக் கத்தி ஓய்ந்திருக்கிறது. அவரோ ஒரு கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு மறு கையால் சாப்பிட்டு முடித்திருந்தார். பதறிப்போய்க் கேட்டேன். "நீங்க எடுக்கச் சொல்லலீங்களே" என்றார்.

நான் நர்சிங் படித்தது இருபது வயதில். கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் முடிந்து, கொல்லிமலை மேலே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தது நாற்பத்தைந்தில். நடுவில் புத்தகங்களாகப் படித்துத் தள்ளினேன். தடித்த நாவலில் நூறு பேர் வந்தாலும் யாருக்கு யார் மாமன் என்று சொல்லிவிடுவேன். வார்டில் இருந்தது ஒன்பதே கட்டில். அதில் யாரைப் பார்த்தேன், யாரைப் பார்க்கவில்லை என்பது மட்டும் நினைவில் நிற்கவில்லை.

யார் கூப்பிட்டாலும் ஓடினேன். அதுதான் சேவை என்று நினைப்பு. சத்தமாகக் கூப்பிட்டவருக்கு வெந்நீர், தலையணை, ஆறுதல் எல்லாம் கிடைத்தன. மலைக்காரர்களோ கூப்பிடவே மாட்டார்கள். போய்க் கேட்டாலும் "ஒண்ணுமில்லீங்க" என்பார்கள். நானும் நம்பிவிட்டு அடுத்த சத்தத்துக்கு ஓடுவேன்.

எங்கள் ஹெட் நர்ஸ் என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஒரு சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, நீங்க நாள் பூரா ஓடறீங்க. ஆனா எங்கயும் போய்ச் சேர மாட்டேங்கறீங்க. இந்த மாசம் பாக்கலாம். இல்லீனா சீட்டு எழுதற எடத்துக்கு மாத்திடறேன்."

அன்று மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் இறங்கும் வரை பஸ்ஸில் அழுதேன். கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு தடவை பக்கத்து சீட்டு அம்மா மேல் சாய்ந்து அழுதேன். சாய்ந்ததற்குக் காரணம் துக்கமல்ல, டிரைவர்.

அடுத்த லீவு நாளில் எட்டுக்கை அம்மன் கோயிலுக்குப் போனேன். "தாயே, உனக்கு எட்டு இருக்கு. ரெண்டை இரவல் குடு" என்று கேட்டேன். நல்ல கூட்டம். முன்னால் ஒருவர் புது லாரிக்கு எலுமிச்சம்பழம் கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பூசாரி அவரிடம் நிற்கவில்லை. தட்டோடு ஒரு சுற்று வந்து எல்லார் கையிலும் குங்குமம் கொடுத்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சுற்று முடிந்த பிறகு திரும்பி, வாயே திறக்காமல் கடைசியில் நின்ற ஒரு பெண்ணிடம் போய் நின்று விசாரித்தார். லாரிக்காரருக்கு எலுமிச்சம்பழம் அப்புறம்தான். முன்வரிசையில் நின்ற எனக்கும் கொஞ்சம் எரிச்சல்தான். கை இரவல் கிடைக்காமல் வீடு திரும்பினேன்.

அதே மாதம் ஒரு மழை நாள். மலைப்பாதையில் மரம் விழுந்து அடுத்த பஸ் நின்றுவிட்டது. என்னோடு வேலை பார்க்க வேண்டிய சிஸ்டர் அந்த பஸ்ஸில். ஹெட் நர்ஸ் டாக்டரோடு பிரசவ அறையில். வார்டில் ஒன்பது பேரும் நானும். ஒருவருக்கு டிரிப் தீர்ந்துவிட்டது. ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. ஒருவர் வெந்நீர், வெந்நீர் என்று உயிரை வாங்கினார். டிரிப் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். "தாயே, இன்னிக்கு என்னைக் கை விட்டுடாதே."

கண்ணுக்குள் அம்மன் வரவில்லை. பூசாரியின் தட்டு வந்தது.

"எல்லாரையும் ஒரு சுத்துப் பாத்துட்டு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். தீர்ந்த டிரிப்பை மட்டும் மூடிவிட்டு, குழந்தையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி அதன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நிற்காமல் போனேன். வெந்நீர்க்காரர் என்னை வைதார். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன், கையைத் தொட்டேன், கம்பளியை விலக்கினேன். எங்கள் மலைக் குளிரில் எல்லாரும் கழுத்துவரை கம்பளிக்குள் கிடப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்பது பேரும் சௌக்கியம்.

கடைசிக் கட்டிலில் செல்வி. அன்று காலையில்தான் குழந்தை பிறந்திருந்தது. "எப்படிக் கண்ணு இருக்கே?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. குளுருதுங்க."

பழைய நானாக இருந்தால் இன்னொரு கம்பளி போர்த்தியிருப்பேன். விலக்கிப் பார்த்தேன். கீழே விரிப்பு முழுக்க ரத்தம்.

டாக்டருக்குக் குரல் கொடுத்தேன். பக்கத்தில் கிடந்த பச்சைக்குழந்தையை அவள் மாமியாரிடம் கொடுத்துவிட்டு, கருப்பை இறுகட்டும் என்று அடிவயிற்றை அழுத்தித் தேய்த்தேன். பிரசவத்தை ஹெட் நர்ஸிடம் விட்டுவிட்டு டாக்டர் ஓடி வந்தார். ஊசி, டிரிப் எல்லாம் ஏறியது. ரத்தம் மெல்ல நின்றது. செல்வியின் உதட்டில் நிறம் திரும்பியபோது எனக்கு அழுகை வந்தது. "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்து, முடிக்காமல் கையைக் கழுவப் போனார். வெந்நீர்க்காரருக்கு நானே வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கி ஊதி ஊதிக் குடித்தார்.

அதன் பிறகு ஷிஃப்ட் ஏறியதும் வெறுங்கையோடு ஒரு சுற்று. அது முடிந்துதான் யாருக்கு முதலில் என்று முடிவு செய்கிறேன். ஒரு கட்டிலுக்குப் போனால் மாத்திரை, காய்ச்சல், தண்ணீர் எல்லாம் ஒரே போக்கில். இப்போது புதிதாக வரும் பெண்களை ஹெட் நர்ஸ் என் பின்னால்தான் அனுப்புகிறாள். பெருமையாகத்தான் சொல்கிறேன். நாற்பத்தைந்துக்கு மேல் வந்த பெருமை, அடக்க மனசில்லை.

கை கேட்டேன், தாய் கண் கொடுத்தாள். உங்களுக்கும் ஓட முடியாத நாள் வரும். அன்று அவள் பேரைச் சொல்லி ஒரு நிமிஷம் நில்லுங்கள். கேட்டது கிடைக்காவிட்டாலும் தேவையானது கிடைக்கும்.

இதையெல்லாம் போன வாரம் பெரியசாமி அண்ணனிடம் சொன்னேன். காய்ச்சல் திரும்ப வந்து எங்களிடமே வந்திருந்தார். நம்பிக்கையா, பக்கத்தில் வேறு ஆஸ்பத்திரி இல்லாததா, தெரியவில்லை. முழுக்கக் கேட்டு, கும்பிட்டுவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் அவ புண்ணியமுங்க. கண்ணு குடுத்துருக்காளே, அப்படியே என் கையையும் பாருங்க. காலைலயே ஊட்டுக்குப் போலாம்னீங்க. டிரிப் ஊசி இன்னும் கழட்டலீங்க."