ஓட்டுநர் இருக்கையில் யாரும் உட்காரக்கூடாது

"கார் கழுவுற கடையா?" என்று யாராவது கேட்டால் பாலிஷ் அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "கழுவி முடிச்சப்புறம்தாங்க எங்க வேலையே ஆரம்பிக்குது" என்பாள். பெயின்டில் விழுந்த மெல்லிய கீறல்களை மெஷின் வைத்துத் தேய்த்து எடுப்பது, சீட்டுக்குள் ஊறிப்போன பால் வாடையைப் போக்குவது, ஏசி துவாரங்களைப் பிரஷ்ஷால் நோண்டுவது என்று ஒரு காருக்கு அரை நாள் பிடிக்கும். வாடிக்கையாளர்களுக்கு இது புரிந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிகள்தான் புரிந்துகொள்வேனா என்றன.

மூன்று வாரமாக அவள் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் நாற்பது கார்களைப் பராமரிக்கும் ஒப்பந்தம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கட்டட மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: இவர்கள் வேலையால் அடுத்தவருக்குச் சேதம் வந்தால் ஈடுகட்டும் இன்சூரன்ஸ் வேண்டும், வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பேப்பர் அவர் மேசைக்கு வந்துவிட வேண்டும். முதல் கம்பெனி அவளை மெக்கானிக் பட்டியலில் சேர்த்து, கேட்டவுடன் தலை சுற்றும் தொகையைச் சொன்னது. இரண்டாவது கம்பெனி கட்டடம் பெருக்குகிறவர்கள் பட்டியலில் சேர்த்தது. தொகை குறைவுதான், ஆனால் கார்மேல் கை வைத்தால் செல்லாதாம். கையே வைக்காமல் பாலிஷ் போட அவள் என்ன மந்திரமா படித்திருக்கிறாள்?

மூன்றாவதாக வந்த ஏஜென்ட்தான் வழி காட்டினார். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. வாடிக்கையாளரின் வண்டியை நீங்களோ உங்கள் ஆட்களோ ஓட்டுவீர்களா? ஆம் என்றால் பிரீமியம் மூன்று மடங்கு.

"இல்லன்னு டிக் போட்டுடுங்கக்கா. யாரு வந்து பாக்கப் போறா?"

"நீங்கதானே ஃபோட்டோ எடுக்க வருவீங்க?"

"நான் பாத்தாலும் பாக்காத மாதிரிதான்."

அவளுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. இல்லை என்று எழுதினால் அது இல்லையாகவே இருக்கவேண்டும், அப்படி ஒரு பிறவி அவள். அன்றே கடையில் சட்டம் மாறியது. கார்க்காரரே கொண்டுவந்து நிறுத்தவேண்டும், அவரே எடுத்துப்போகவேண்டும். ஓட்டுநர் இருக்கையில் யாரும் உட்காரக்கூடாது. யாரும் என்றால் கடையில் இருப்பதே இரண்டு பேர், அவளும் அவள் கொழுந்தனும். கணவன் சரக்கு லாரியில் கிளம்பினால் திரும்பிவரப் பத்து நாளாகும். கொழுந்தனுக்குத் தெருவே ஜெட் என்று பெயர் வைத்திருந்தது. முப்பது வயதாகியும் எந்த வேலையையும் ஓடிப்போய்த்தான் செய்வான். பள்ளிச் சீருடையில் இருந்த காலத்திலிருந்து அவனுக்கு அவள் சொல்தான் சட்டம்.

"சீட்ட தொடைக்கக்கூட வெளிய நின்னு எக்கணுமா அண்ணி? இடுப்பே போச்சு."

"போனா போகட்டும். உள்ள உக்காந்தே, காலை ஒடிச்சிருவேன்."

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு ஏஜென்ட் வந்தார். கடையை நாலு பக்கமும் படம் பிடித்துவிட்டு, மேசையில் விண்ணப்பத்தை விரித்தார். கையெழுத்துப் போட்டால் அரை மணியில் பேப்பர் வந்துவிடும். கார் கழுவும் தளத்தில் பல் டாக்டரின் கார் நின்றது. யாருக்கோ பல் பிடுங்கும் அவசரத்தில் மனிதர் வண்டியை நிறுத்திய கையோடு ஓடிவிட்டிருந்தார். தண்ணீர் வடிவதற்காக அந்தத் தளத்தை வாசல் பக்கம் சரிவாகப் போட்டிருந்தார்கள். முன்பெல்லாம் எந்தக் கார் வந்தாலும் ஜெட் உள்ளே ஏறி முதலில் கைபிரேக்கைத்தான் இழுத்துப் பார்ப்பான். இப்போதுதான் ஏறவே கூடாதே.

சுத்தம் செய்து முடித்த டிக்கிக்குள் அவன் ஸ்டெப்னி டயரைத் தூக்கிப் போட்டான். அந்த அதிர்ச்சியில் கார் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது.

பேனாவைத் திறந்த அவள் நிமிர்ந்து பார்த்தபோது ஜெட் முன்கதவுக்கு ஓடிவந்துவிட்டிருந்தான். கதவைத் திறந்தும் விட்டான். உள்ளே காலை வைக்கப்போனவன், ஒரு நொடி அவளைப் பார்த்தான். அடுத்த நொடி கதவை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடி, டிக்கிக்கு முதுகைக் கொடுத்துக் கால்களைத் தளத்தில் ஊன்றினான். ஈரத் தளம் வழுக்கியது. வாசலில் கல்தூண் நின்றது. கார் அவனைத் தள்ளிக்கொண்டே தூணை நோக்கிப் போனது.

"ஏறுடா உள்ள! ஏறித் தொலைடா!"

இனி அவன் எங்கே ஏறுவது? அவள் பேனாவை வீசிவிட்டு ஓடினாள். எப்படி உள்ளே விழுந்தாள் என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தாள். கார் குலுங்கி நின்றது. காருக்கும் தூணுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கும் அளவுக்குத்தான் இடம் மிச்சம் இருந்தது. அந்த இடத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

கைபிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிப் போய் அவன் தோள், முதுகு, விலா எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். எங்கும் ஒன்றும் இல்லை. அப்புறம்தான் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"கதவத் தொறந்தேல்ல? ஏன்டா ஏறல?"

"நீங்கதானே அண்ணி ஏறக்கூடாதுன்னீங்க."

இத்தனை நாள் தேடித்தேடிப் பிடித்த மலிவு விலை என்ன விலை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஏஜென்ட் தொண்டையைச் செருமினார். "நீங்க உள்ள ஏறினத நான் பாக்கவே இல்லக்கா. வாங்க, கையெழுத்துப் போடுங்க. மணி ஆகுது."

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. இவன் நசுங்கியிருந்தா இந்தப் பேப்பர் என்ன குடுத்திருக்கும்?"

"இவருக்கா? இது வெளியாளுங்களுக்குக்கா. தூண் இடிஞ்சா உண்டு. உங்க கடை ஆளுன்னா தனியா எடுக்கணும்."

"தூணுக்கு உண்டு. இவனுக்கு இல்ல."

"ஆமாக்கா."

"இவனையும் சேத்து, வண்டி ஓட்டுவோம்னு உண்மையச் சொன்னா எவ்ளோ?"

அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அவள் மேனேஜருக்குப் போன் போட்டு, ஒரு காருக்கான விலையை உயர்த்திச் சொன்னாள்.

"என்னம்மா, நேத்து ஒரு விலை இன்னிக்கு ஒரு விலையா?"

"நேத்து சொன்ன விலையில ஒரு ஆள விட்டுட்டேங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பழைய விலைக்கு வேற ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க. நாலு மணி வரைக்கும் யோசிங்க."

"யோசிச்சுட்டேங்க. அந்த விலைக்கு முடியாது."

"சரி, அப்ப விடுங்க." போன் வைக்கப்பட்டது.

ஜெட் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். ஏஜென்ட் விண்ணப்பத்தை மடிக்க ஆரம்பித்தார். "நாப்பது வண்டியும் போச்சேக்கா. இனி இது எதுக்கு?"

"கீழ வைங்க அத. ரெண்டாவது மெஷின் வாங்க வெச்சிருந்த காசு இருக்கு. வண்டிதான் போச்சு, இவன் நிக்கிறான்ல?"

ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டாள். கடை ஆளுக்கான கூடுதல் தாளை வாங்கி அதில் கொழுந்தனின் முழுப்பெயரை எழுதினாள். கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பி, "உள்ள ஏறி உக்காந்தே சீட்டத் தொடைடா" என்றாள்.