டெமோ வண்டிக்கு ஆரத்தி

ஒரு காரை வாங்குவதற்கு முன்னால் அதன் எல்லா சீட்டிலும் ஒருமுறையாவது உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்பது என் கொள்கை. கொள்கை வைத்துக்கொள்வதற்கு கார் வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அப்போது எனக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஓட்டிக்கொண்டிருந்த மொபெட்டும் மாமனாருடையது.

கிண்டியில் ஒரு தொழிற்சாலையின் பர்ச்சேஸ் பிரிவில் எனக்கு வேலை. ஆணி வாங்குவதென்றாலும் மூன்று இடத்தில் கொட்டேஷன் கேட்டு, சாம்பிள் வரவழைத்து, நிறை குறை எழுதி மேலே அனுப்ப வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே என் மாமனார் எந்தப் பொருளையும் மாப்பிள்ளையைக் கேட்காமல் வாங்க மாட்டார். கிரைண்டருக்குக் கேட்டார், போர் மோட்டாருக்குக் கேட்டார். கடைசியில் ஒருநாள் சாப்பிடும்போது, "மாப்ள, குடும்பத்துக்கு ஒரு வண்டி பார்க்கணும். ஜீப்பு மாதிரி ஒசரமா இருக்கணும், ஆனா சின்னதா இருக்கணும். நீங்க பார்த்துச் சொன்னா சரி" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் இருந்தது. இரும்புலியூரில் அவர் வீட்டு மாடியில்தான் நாங்கள் ஐந்து வருடமாக இருந்தோம். ஒரே மகள். ஒருகாலத்தில் பயிர் வைத்த நிலமெல்லாம் மனைகளாகிவிட்டது. மிச்சமிருந்ததில் வரிசையாகக் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். என்னைக் கொடுமைப்படுத்தினார்கள் என்று சொன்னால் என் வாய் வெந்துபோகும். நல்ல வஞ்சிரம் கிடைத்தால் நடுத்துண்டு எனக்குத்தான். வழக்கமான ரயிலை நான் தவறவிட்டால், தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் மொபெட்டோடு காத்திருப்பார். ஒருமுறை ஆசையாகக் காலிஃபிளவர் வாங்கிக்கொண்டு போனேன். "நம்ம வூட்ல இல்லாததா மாப்ள?" என்று அத்தை சிரித்துக்கொண்டே வாங்கி உள்ளே வைத்தார். மறுநாள் அது மாட்டுத்தொட்டியில் கிடந்தது. எங்கள் மாடியில் சமையலறையே கிடையாது. ஒரு டீ வேண்டுமென்றாலும் கீழே வந்து ஒருவர் முகத்தைப் பார்த்துத்தான் குடிக்க வேண்டும். அந்த முகம் எப்போதும் சிரித்த முகம் என்பதுதான் தாங்கவில்லை. திட்டினால் கோபித்துக்கொண்டு கிளம்பலாம். சிரிக்கிறவர்களிடம் என்ன சொல்லிக் கிளம்புவது?

அதனால் நானும் என் மனைவியும் ரகசியமாக கூடுவாஞ்சேரியில் ஒரு சின்ன வாடகை வீடு பார்த்திருந்தோம். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் ஒரு வேப்பமரம். வீட்டுக்காரர் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். "அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் வாயைத் திறந்தா அழுதுடுவேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். அந்த நேரத்தில்தான் இந்த வண்டிப் பேச்சு. வீட்டில் கார் ஓட்ட லைசென்ஸ் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். நான் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் வண்டி வரும். வண்டி வந்தால் ஓட்டுகிறவன் எங்கே போக முடியும்? கூடுவாஞ்சேரி அன்றோடு முடிந்தது.

எனவே மதிப்பீட்டைக் கடுமையாகச் செய்து வண்டியைத் தோற்கடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு நோட்டில் கேள்விகளை எழுதினேன். அத்தையின் மூட்டுவலிக்குப் படி உயரம் சரிப்படுமா? மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்குமே, அதில் போகுமா? தண்ணீர் கேனும் அரிசி மூட்டையும் வைத்தபின் மடக்குக்குடை வைக்கவாவது இடமிருக்குமா? நாலு மீட்டருக்குள் வண்டியைக் குறுக்கினால் வரி குறைவு என்று ஆனபின், கம்பெனிக்காரர்கள் பெரிய வண்டியின் வாலை வெட்டிவிட்டு, வெட்டிய வாலிலும் இரண்டு சீட்டைச் செருகி விற்கப் பார்த்தார்கள். அந்தப் பின் சீட்டில்தான் இது மாட்டும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை காலை விற்பனைக்காரப் பையன் டெமோ வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். கழுத்தில் டை, முகமெல்லாம் வியர்வை. நான் நோட்டைத் திறப்பதற்குள் அத்தை ஆரத்தித் தட்டோடு வெளியே வந்துவிட்டார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பானட்டில் மஞ்சள், குங்குமம், ஒரு முழம் சாமந்தி.

"அம்மா, அம்மா, இது டெமோ வண்டிம்மா! சாயந்தரம் இன்னொரு பார்ட்டிக்குக் காட்டணும்" என்று பையன் பதறினான்.

"டெமோவா இருந்தா இன்னா? எங்க வூட்டுப் புள்ள ஏறப்போற வண்டி. சும்மா ஏறிடுமா?" என்றார் அத்தை. "நகத்துப்பா."

அவன் நகர்த்தினான். எலுமிச்சம்பழம் நான்கும் நசுங்கின. மாமனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த வீட்டில் ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்த எதையும் திருப்பி அனுப்பிய வழக்கமில்லை. அதற்கு நானே சாட்சி.

சோதனை ஓட்டம் மாடம்பாக்கம் சிவன் கோயிலுக்கு என்று அவர்களே தீர்மானித்திருந்தார்கள். பையன் ஓட்ட, மாமனார் முன்னால். நடுவில் அத்தை, என் மனைவி, எங்கள் நாலு வயது மகள். நான் பட்டு வேட்டியோடு பின் சீட்டுக்குப் போனேன். போனேன் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். நடு சீட்டை வெளியிலிருந்து ஒரு லீவரை இழுத்து மடக்கி, குனிந்து, தவழ்ந்து உள்ளே போக வேண்டும். பிறகு வெளியில் இருப்பவர்கள் சீட்டை நிமிர்த்திவிடுவார்கள். முழங்கால் முகவாயைத் தொட்டது. பக்கத்தில் தேங்காய்க் கூடை. கண்ணாடி திறக்காத வகை. பின்கதவின் உட்புறம் கைப்பிடி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். இல்லை. ஏசி காற்று நடு சீட்டோடு நின்றுவிட்டது. கேம்ப் ரோடு நெரிசலில் வண்டி ஊர்ந்தபோது, நோட்டில் மகிழ்ச்சியாக ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தேன். இத்தனை குறைகளை வேறு எந்த சாம்பிளிலும் நான் பார்த்ததில்லை.

கோயில் வாசலில் வண்டி நின்றதும் பையன் வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட, மகள் இறங்கி ஒரு ஆட்டுக்குட்டியைப் பார்த்து ஓடினாள். மனைவி அவள் பின்னால் ஓடினாள். அத்தை காலைத் தாங்கிக்கொண்டு மெதுவாக நடந்தார். பையன் மாமனாரிடம் மைலேஜ் பற்றிப் பேசிக்கொண்டே, தன் பழக்கத்தில், திரும்பிப் பார்க்காமல் ரிமோட்டை அமுக்கினான். வண்டி கீக் என்றது. எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள்.

முதல் இரண்டு நிமிடம் சிரிப்பு வந்தது. பிறகு என் மனைவிக்கு போன் செய்தேன். அது நடு சீட்டில் இருந்த அவள் பையில் அடித்தது. மாமனாருக்கு அடித்தேன், சந்நிதிக்குள் சத்தம் வரக்கூடாதென்று அணைத்து வைத்திருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடு சீட்டின் மேல் ஏறித் தாண்டப் பார்த்தேன். சீட்டுக்கும் கூரைக்கும் நடுவில் என் தொப்பை மாட்டிக்கொண்டது. ஒருவழியாகக் கையை நீட்டி நடுக்கதவைத் திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை. குழந்தை இருக்கிறாளே என்று, உள்ளிருந்து திறக்க முடியாதபடி பையன் சைல்டு லாக் போட்டிருக்கிறான். வண்டி அசைந்ததில் சைரன் வேறு அலறத் தொடங்கியது. பயந்து பின்னுக்குச் சரிந்து தேங்காய்க் கூடையின் மேல் உட்கார்ந்தேன்.

மூச்சு முட்டியது. உண்மையாகவே பயமாக இருந்தது. சத்தம் போட்டுக் கூப்பிடலாம்தான், வாய் வரவில்லை. ஐந்து வருடமாகவே வரவில்லை என்று அப்போது தோன்றியது. உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன். சீட்டை நிமிர்த்தும்போதுகூடச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். என்னை யாரும் பூட்டவில்லை, மறந்துபோனார்கள், அவ்வளவுதான். அழுகை வருவதுபோல் இருந்தது. என்மேல்தான் கோபம் வந்தது.

சைரன் சத்தம் கேட்டு, எதிரே பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா எழுந்துவந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார்.

"ஐயே, இன்னா சார், உள்ளயே குந்திகினு கீறே? எறங்கி வா சார், நடை சாத்திடுவாங்கோ!"

திறக்க முடியவில்லை என்று கையால் காட்டினேன். அவருக்கு முதலில் சிரிப்பு. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பூக்கூடையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

வந்தது மாமனார். வெறுங்காலோடு, சுடுகிற தரையில், அறுபத்தைந்து வயதில் ஓடிவந்தார். பின்னால் பையன் சாவியோடு. "மாப்ளைய உள்ள வெச்சிப் பூட்டிட்டியேய்யா! எதுனா ஆயிருந்தா?" என்று அவனைப் பார்த்துக் கத்தினார். லீவரை இழுக்கத் தெரியாமல் இழுத்து விரலை நசுக்கிக்கொண்டார். நான் வெளியே வந்ததும் தோளில் கிடந்த துண்டால் என் முகத்தை அவரே துடைத்தார். நோட்டு உள்ளே கூடைக்கடியில் கிடந்தது. எடுக்க மனம் வரவில்லை.

தரிசனம் முடிந்து வந்ததும், "நீங்க ஓட்டிப் பாருங்க மாப்ள. நான் பின்னாடி குந்திக்கிறேன்" என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. குனிந்து, தவழ்ந்து, பிரசாதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். பையன் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஓட்டுகிற சீட்டிலிருந்து அது அருமையான வண்டி. உயரத்திலிருந்து சாலை முழுவதும் தெரிந்தது. ஷேர் ஆட்டோக்கள் ஒதுங்கி வழிவிட்டன. பள்ளம் வந்தால் வந்ததே தெரியவில்லை. எனக்குப் பிடித்துவிட்டது, பிடித்ததை நினைத்து இன்னும் பயந்தேன். கண்ணாடியில் மாமனாரின் தலை தெரிந்தது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் அது கூரையில் இடித்தது. இடிக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்து ஒன்றுமில்லை என்பதுபோல் சிரித்தார். வீட்டு விஷயத்தைத் திரும்பும் வழியில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நினைத்தால் இறங்கிப் போக முடியாத இடத்தில் இருக்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது?

வீடு வந்தது. பெண்கள் இறங்கி உள்ளே போனார்கள். பையன் பானட்டிலிருந்த குங்குமத்தைத் துடைக்கப் போனான். நான் பின்னால் வந்து சீட்டை மடக்கிக் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"கூடுவாஞ்சேரிக்குப் போயிருந்தேன் மாப்ள," என்றார், மெதுவாக. "இந்தப் பக்கம் எந்த வூட்டை யார் கேட்டாலும் எனக்கு சேதி வந்துரும். நல்ல வூடுதான். காத்து வருது."

பிரசாதப் பையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"ஆனா அந்தச் சந்துல இந்த வண்டி திரும்பாது. நான் அடி வெச்சி அளந்து பார்த்தேன்."

அவர் குரலில் தந்திரம் இல்லை. தந்திரம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். யாரும் பார்க்காதபோது அந்தச் சந்தில் செருப்புக் காலால் அடியடியாக வைத்து அளந்திருக்கும் அவரை நினைத்துப் பார்த்தேன். என் மனைவி திரும்பி வந்து வாசற்படியில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இந்த வண்டி வேணாம் மாமா," என்றேன்.

நோட்டில் எழுதிய ஒரு குறையையும் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்தது. என் கையை விடாமல், கதவு வழியே வாசலில் நசுங்கிக் கிடந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். முழங்கால் முகவாயைத் தொட, பிரசாதப் பையோடு, அந்தச் சின்ன இடத்தில் அவர் இன்னும் சின்னதாகத் தெரிந்தார்.

"சரி மாப்ள," என்றார். "மொதல்ல என்னை எறக்கி வுடுங்க."