சத்தம் போடாமல் இருக்கிற இடம்

பத்தாம் வகுப்பில் எங்கள் பாடசாலை வாத்தியக்குழுவின் முதல் மெலோடிக்கா நான்தான். ஆர்மோனியம் மாதிரி விரலால் அழுத்தி, குழாயால் ஊதி வாசிக்கிற வாத்தியம் அது. எந்த மெட்டையும் இரண்டு முறை கேட்டால் மூன்றாம் முறை விரல் தானாகப் போகும். கிளிநொச்சியில் இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் வவுனியாவிலிருந்து அவள் வந்து சேர்ந்தாள். தகப்பனுக்கு இடமாற்றம். அவளும் மெலோடிக்காதான்.

அந்த வாரம் எங்களைப் பழக்குகிற சேர் மேல்நாட்டு இசைக்குறிப்பு எழுதிய ஒரு புதுத் தாளைக் கொண்டுவந்தார். ஐந்து கோடுகள், அவற்றில் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள். அவர் வாசித்துக் காட்டட்டும் என்று நாங்கள் காத்திருந்தோம். அவள் காத்திருக்கவில்லை. முழங்காலில் தட்டித் தட்டி எண்ணிப் பார்த்துவிட்டு, ஒருமுறைகூடக் கேட்டிராத மெட்டை அப்படியே வாசித்தாள்.

"கெட்டிக்காரி," என்றார் சேர். இரண்டு வருடமாக எனக்கு மட்டும் சொன்ன சொல் அது.

பரிசளிப்பு விழாவில் நடுவே ஒருவர் தனியாக வாசிக்க வேண்டியிருந்தது. சேர் எங்கள் இருவருக்கும் இன்னொரு தாளைத் தந்தார். "வெள்ளிக்கிழமை இதைப் பார்த்து வாசியுங்கோ. பிழையில்லாமல் வாசிக்கிற ஆளுக்குத்தான் தனி."

வீட்டுக்கு வந்து கைபேசியில் தேடினேன். கறுப்புப் புள்ளி ஓர் எண்ணிக்கை, வெள்ளை இரண்டு, இரண்டு கறுப்பை மேலே கோடு போட்டுச் சேர்த்தால் தலா அரை. இவ்வளவுதானா? ஆறாம் வகுப்பிலேயே ஆதி தாளம் போட்டவள் நான். நடுக்கோட்டின் மேல் குந்தியிருந்த சின்னக் கறுப்புக் கட்டையை மட்டும் நான் தேடவேயில்லை. எங்கள் சங்கீதக் கொப்பியில் சுரத்துக்குப் பின்னால் எழுத்தில்லாமல் ஒரு குறி வந்தால் கார்வை, முன் சுரத்தை நீட்ட வேண்டும். இதுவும் அதுதான் என்று நினைத்தேன். நீட்டினேன். பாதியிலேயே மூச்சு முட்டியது. வெள்ளைக்காரனுக்கு எத்தனை சுவாசப்பை என்று யோசித்தேன்.

குசினியிலிருந்து அம்மா கத்தினா. "என்னடி, நாயனக்காரன் மாதிரி ஒரே ஊது ஊதுறாய்? மூச்சை விட்டுப்போட்டு ஊதன்."

"உங்களுக்கு விளங்காதம்மா."

வெள்ளிக்கிழமை நான்தான் முதலில் வாசித்தேன். மூன்றாவது வரியில் சேர் கையை உயர்த்தினார்.

"அதில ஏன் இழுக்கிறாய்?"

"கார்வை, சேர்."

"அது கார்வை இல்லை. சத்தம் போடாமல் இருக்கிற இடம். ரெண்டு எண்ணிப்போட்டு அடுத்ததைப் பிடி."

பின்வரிசையில் மேளம் அடிக்கிறவன் சும்மா இருக்கவில்லை. "சேர், அவா வகுப்பிலயே சத்தம் போடாமல் இருந்ததில்லை. தாளில எப்பிடி இருப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. தன் முறை வந்தபோது, அந்த இடத்தில் குழாயிலிருந்து உதட்டை எடுத்து, இரண்டு எண்ணி, ஆறுதலாக மூச்சை இழுத்துவிட்டுத் தொடர்ந்தாள். தனி அவளுக்கே போனது.

சைக்கிளை எடுக்கப் போனபோது பின்னால் வந்தாள். "நானும் முதல்ல உப்பிடித்தான் இழுத்தனான். சங்கீதம் படிச்ச ஆக்கள் எல்லாரும் இழுக்கிறவை."

நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் எரிந்தது. என் பிழையைக்கூட அவள் எனக்கு முன்பே செய்து, திருத்தி, மறந்தும் இருக்கிறாள்.

"எனக்குத் தெரியும்," என்றேன். பொய்.

பரிசளிப்பு விழாவன்று நான் இரண்டாம் வரிசை. அவளுடைய தனிக்குச் சற்று முன் எங்கள் எல்லோருக்கும் அதே கறுப்புக் கட்டை. நாங்கள் நிறுத்த வேண்டும், அந்த அமைதிக்குள் அவள் தொடங்க வேண்டும். அவளுடைய முதல் சுரம் மிக மெல்லியது. நான் என் சுரத்தை விடாமல் பிடித்தால் அது ஒருவர் காதிலும் விழாது. யாரும் குற்றம் சொல்லவும் மாட்டார்கள். இழுக்கிறவள் இழுத்துவிட்டாள் என்பார்கள், அவ்வளவுதான். காலையிலிருந்தே இதை நினைத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு நிறைய மூச்சும் வைத்திருந்தேன்.

அந்த இடம் வந்தது. இழுத்தால் எனக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது என்றுதான் அவள் நினைப்பாள். பிறகு மறுபடி பின்னால் வந்து அன்பாகச் சொல்லித் தருவாள். அதை என்னால் தாங்க முடியாது.

உதட்டை எடுத்தேன். ஒன்று, இரண்டு.

அவள் தொடங்கினாள். மண்டபத்தின் கடைசிக் கதிரை வரை கேட்டிருக்கும்.