கேஸ்கெட் ஷீட்டுக்கு நடுவில் ஒரு படம்

செத்தவர்மேல் கோபப்பட முடியாது என்பார்கள். அப்படிச் சொல்கிற யாரும் அவள் அப்பாவின் கோடவுனைக் காலி செய்ததில்லை.

அப்பாவுக்குத் தொழில் கேஸ்கெட். குழாயும் குழாயும் சேருமிடத்தில் கசியாமலிருக்க நடுவில் வைக்கிற தகடு. ஆலை ஆலையாக ஏறி இறங்கி விற்பார். தோள்பையில் சாம்பிள் பாதி, கேமரா பாதி. ஆர்டர் வாங்கிய கையோடு, பக்கத்தில் எங்கே வெள்ளம், வீடு போனவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள் என்று விசாரித்துக் கிளம்பிவிடுவார். எடுத்த படமும் எழுதிய கதையும் ஒரு நிவாரண அமைப்புக்கு, இலவசமாக. "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்" என்பாள் அம்மா. வெள்ளக் காலத்தில் அது வெறும் சொலவடை இல்லை. ஷூ கழுவியது அவள்தான்.

இதில் அவருக்கு ஒரு பிடிவாதம் வேறு. படத்தில் இருப்பவர் கையில் பிரிண்டை நேரில் கொடுத்து, அவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் எதையும் அச்சுக்குத் தருவார். அதுவரை பிரிண்ட் சுருளாமலிருக்க, கேஸ்கெட் ஷீட்டுகளுக்கு நடுவே செருகி வைப்பார்.

அப்பா போய் மூன்று மாதம். கருவிப் பொறியாளரான மகள் விடுப்பெடுத்து வந்து மிச்சச் சரக்கை விற்றுத் தள்ளிக்கொண்டிருந்தாள். நிவாரண அமைப்பின் அதிகாரி தினமும் போன் செய்தார்.

"மேடம், அந்தம்மா வாளியோட உக்காந்திருக்கற படம். சார் கேமராவுலயே காட்டினாரு. போஸ்டருக்கு அதான்னு முடிவாயிடுச்சு. வெள்ளிக்கிழமை அச்சு."

"அந்தம்மா சரின்னு சொன்னாங்களா தெரியலையே."

"சாரே இல்ல. இனிமே யார் வந்து கேக்கப்போறா?"

அந்த வாக்கியம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஃபைல் அப்பாவின் கணினியில் இருந்தது. அனுப்ப ஒரு விரல் போதும். அந்தப் பெண்ணின் பெயர்கூடத் தெரியாது. நாளைக்கு அனுப்பித் தொலைக்கலாம் என்று படுத்தாள்.

காலையில் வேறொரு போன். சரக்கு வாங்கிய ஆலையின் பர்ச்சேஸ் மேனேஜர்.

"ஷீட்டு வந்துச்சும்மா. ஆனா பில்லுல ஒரு ஐட்டம் விட்டுப்போச்சு."

"என்ன சார்?"

"நடுவுல ஒரு பொம்பளை இருக்கா. வாளியோட. வெட்டுறவன் கத்தி வைக்கறதுக்குள்ள பாத்தான், தப்பிச்சா. எங்க பேக்கிங்ல வேலை பாக்கறவங்கதான்."

"அவங்ககிட்டயே குடுத்துடுங்க சார்."

"நேர்லதான் குடுக்கணும்னு உங்கப்பா உயிரை வாங்குவாரு. நான் மாட்டேன். நீ வா."

அவள் கோடவுனுக்குப் போய் ஸ்டோர்கீப்பரைப் பிடித்தாள். "ஏண்ணே, பிரிச்சுப் பாக்காமலா லாரியில ஏத்தினீங்க?"

"முதலாளி அந்த அடுக்கைத் தொடாதேன்னாரு பாப்பா. தொடலை. அப்படியே கட்டி ஏத்திட்டேன்."

"மத்த அடுக்குலயும் படம் இருக்கா?"

"தொட்டாத்தானே தெரியும்."

தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். பாதி நாள் பயணம். ஜன்னல் இழுத்தும் மூட வரவில்லை. அப்பா இந்த வழியில் எத்தனை முறை போயிருப்பார் என்று யோசிக்கக் கூடாது என்று இருந்தாள்.

பேக்கிங் பகுதியில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். படத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"அந்தக் கேமராக்காரரு வரேன்னாரே. ஏமாத்திட்டாருன்னு நினைச்சேன்."

"இறந்துட்டாரும்மா. நான் அவர் பொண்ணு."

"ஐயோ" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காரு."

மகள் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். போஸ்டர், நிதி, வெள்ளிக்கிழமை. அந்தப் பெண் கடைசிவரை கேட்டாள்.

"வேணாம்மா. வாளி பக்கத்து வீட்டுக்காரியோடது. உடுத்தியிருக்கறது யாரோ தானமா குடுத்தது. இதுல என்னோடதுன்னு மூஞ்சி ஒண்ணுதான் இருக்கு. அதையும் செவுத்துல ஒட்டணுமா?"

"இதனால நிறைய பேருக்கு உதவி கிடைக்கும்."

"கிடைக்கட்டும். வேற படம் போடுங்க."

"முகம் தெரியாம வெட்டிப் போடலாம்."

"அப்போ நான் எதுக்கு?"

மகளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. "அப்பாவே வந்து கேட்டிருந்தா?"

"அவரு கேட்டாலும் இதான். வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன்னு அன்னிக்கே சொன்னாரே." பிறகு, "இது எனக்குத்தானே?"

"உங்களுக்குத்தான்."

அந்தப் பெண் படத்தை இரண்டாக மடித்தாள். இன்னொரு மடிப்பு. நகத்தால் நன்றாக நீவிச் சாப்பாட்டுப் பையில் டப்பாவுக்கு அடியில் செருகினாள். ஒரு சுருக்கம் விழக் கூடாதென்று மாதக்கணக்கில் கனமான தகடுகளுக்கு நடுவே கிடந்த படம். மகள் ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

பஸ் நிறுத்தத்திலிருந்து அதிகாரிக்குப் போன் செய்தாள்.

"படம் கிடையாது சார்."

"ஃபைல் உங்ககிட்ட இருக்குல்ல?"

"இருக்கு. அந்தம்மா வேணாம்னுட்டாங்க."

"இனிமே புதுசா ஒண்ணு தேடி, டிசைன் மாத்தி... மேடம், கொஞ்சம் யோசிங்க."

"யோசிச்சாச்சு."

எதிர்முனையில் நீண்ட பெருமூச்சு. "சாரோட ரோதனை அவரோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன்."

"நானும்தான்" என்றாள் அவள்.