பின் சீட்டுப் பயிற்சி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நண்பர் சென்னியப்பன் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால்... மனிதர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தில் கறுப்புப் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். பெட்டியிலிருந்து ஒரு வயர் கம்ப்யூட்டருக்குப் போனது. பெட்டியின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு வேறு!

"வாங்க வாங்க, உக்காருங்க. ஒரு நிமிசம்... லேண்டிங் ஆயிட்டிருக்குது!"

எங்கே லேண்டிங்? சிங்கப்பூரிலாம். பல்லடம் ரோட்டில் நிட்டிங் கம்பெனி நடத்துகிறவர், கைவைத்த பனியனும் லுங்கியுமாக சிங்கப்பூரில் இறங்கிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். சென்னியப்பனுக்கு விமானம் என்றால் பயம். போன வருஷம் சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பியவர், கோயமுத்தூரில் விமானம் ஏறி உட்கார்ந்த பிறகு, கதவைச் சாத்துவதற்குள் இறங்கி வந்துவிட்டார். கூடவே மனைவி பூங்கொடியும் இறங்க வேண்டியதாயிற்று. ஊரில் கேட்டவர்களிடம் 'பிரஷர்' என்று சொல்லிச் சமாளித்தார்கள்.

இப்போது மகளுக்குத் தலைப்பிரசவம். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தாய்வீட்டுக்கு வர முடியாத நிலை. "இந்த வாட்டியும் பாதியில எறங்கிட்டீங்கன்னா, இனி உங்களைக் கூப்பிடவே மாட்டேன்ப்பா" என்று போனில் அழுதிருக்கிறாள்.

மாப்பிள்ளை கம்ப்யூட்டர்காரர். மாமனாரின் பயத்துக்கு வைத்தியமாக அவர் அனுப்பி வைத்ததுதான் இந்தப் பெட்டி. உள்ளே கண்ணுக்கு ஒன்றாக இரண்டு குட்டித் திரைகள். மாட்டிக்கொண்டு ஃப்ளைட் சிமுலேட்டர் விளையாட்டைப் போட்டால், திரும்புகிற பக்கமெல்லாம் வானம், குனிந்தால் காக்பிட். நானும் மாட்டிப் பார்த்தேன். படம் என்னவோ புள்ளி புள்ளியாகத்தான் இருந்தது. ஆனால் விமானம் ஒரு சாய் சாய்ந்ததும் மதியம் சாப்பிட்ட ரசம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. போதுமடா சாமி!

சென்னியப்பனோ ஜாய்ஸ்டிக் கைப்பிடியை ஆட்டி ஆட்டி மழைக்குள் ஓட்டினார், மேகத்துக்குள் ஓட்டினார். "பாத்தீங்களா? பயம் போயே போச்சுங்க!"

காபி கொண்டுவந்த பூங்கொடி நின்றார். "ஏனுங்க, பிளேன்ல உங்களையா ஓட்டச் சொல்லப் போறாங்க?"

எனக்கே சுருக்கென்றது. நியாயம்தானே? இவருக்கு உயரமா பயம்? டிரைவர் கார் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் இல்லாத பிரேக்கை மிதிக்கிற ஆள். கம்பெனியில் நூல் அறுந்தால் ஆபரேட்டரை நகரச் சொல்லிவிட்டுத் தானே மாட்டுகிற ஆள். தன் கையில் இல்லாத எதுவும் இவருக்குப் பயம்தான்.

"அந்த ஜாய்ஸ்டிக்க இங்க குடுங்க" என்றார் பூங்கொடி. "நான் ஓட்டறேன். நீங்க பெட்டிய மாட்டிக்கிட்டு சும்மா உக்காந்திருங்க."

சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். பூங்கொடி கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து ஓட்ட ஆரம்பித்தார். அவ்வளவுதான்... "எறக்கு புள்ள! ஐயோ, சாயுது! இந்தப் பக்கம் திருப்பு!" சென்னியப்பனின் இரண்டு கைகளும் காற்றில் ஜாய்ஸ்டிக்கைத் தேடுகின்றன. பனியன் நனைந்துவிட்டது. பெட்டியைப் பிடுங்கிக் கழற்றி, "உனக்கு ஓட்டத் தெரியாது!" என்று கத்தினார்.

"இத்தன வருசமா ஸ்கூட்டர் ஓட்டறேன். ஒரு நாளாச்சும் என் பின்னால உக்காந்து வந்திருக்கீங்களா?"

எங்கே உட்கார்ந்தார்? கார் பஞ்சரான அன்றைக்குக்கூட ஆட்டோ பிடித்து வந்தவர் அவர். அவரை மட்டும் சொல்வானேன்? மனைவி வண்டி ஓட்ட, கணவன் பின்னால் உட்கார்ந்து போவதை நம் ஊரில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? மற்றவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

சென்னியப்பன் அந்தப் பெட்டியை மேஜை மேல் வைத்தார். "போன்ல மக அழுதது காதுலயே நிக்குதுங்க" என்றார் என்னிடம். பிறகு எழுந்து சட்டையை மாட்டினார்.

"சாவிய எடு பூங்கொடி. கம்பெனி வரைக்கும் போயிட்டு வரலாம்."

நான் வாசலில் நின்று பார்த்தேன். பின் சீட்டில் ஏறியவருக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. முதலில் தொடை மேல் வைத்தார். தெருமுனை ஸ்பீட் பிரேக்கர் வந்ததும் சட்டென்று மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார். பெட்டிக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரிக்கவும் செய்தார். ஸ்கூட்டர் நிற்கவில்லை. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் கம்பெனிக்குப் போனாராம். பெட்டியைத் தொடவே இல்லை.

ஓட்டக் கற்றுக்கொடுக்க என்னென்னவோ கருவி கண்டுபிடிக்கிறார்கள். அடுத்தவர் ஓட்டும்போது நம்பி உட்காருவதற்கு? அதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது... நமக்குத்தான் ஏற மனசு வருவதில்லை.

நேற்று சிங்கப்பூரிலிருந்து போன். "பேத்தி பொறந்திருக்குதுங்க!" சத்தம் போட்டுச் சொன்னார் சென்னியப்பன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விமானம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"பைலட்டு பரவால்லீங்க" என்றார். "ஆனா, நம்ம பூங்கொடியாட்டம் வராதுங்க!"